ஒட்டுத்தாளில் இடம் போதவில்லை

இரண்டு அங்குல நீளம், ஓர் அங்குல அகலம்.
அதற்குள் அரபியும் பிரெஞ்சும் தோளோடு தோள் உட்கார வேண்டும்.
"அல்னீஃப் சீரக எண்ணெய், பத்து மில்லி"
என்று போட்டதுமே பாதித் தாள் தீர்ந்தது.
மீதிப் பாதியில் எச்சரிக்கை எழுதித் தா, இட்டோ, என்கிறார்கள்.
சங்கத்தில் என் கையெழுத்துதான் சிறியது.

மே மாதம் மூட்டைகள் வரும்.
நூறு கிலோவைச் செப்புக் கொப்பரையில் கொட்டி
மூடியின் விளிம்பைப் பிசைந்த மாவால் அடைப்போம்.
ஆவி குழாயில் வளைந்து, குளிர்ந்து,
சொட்டுச் சொட்டாய் வந்து
தண்ணீர்மேல் மஞ்சளாய் ஒதுங்கி நிற்கும்
இரண்டரை லிட்டர்.
மழை பார்க்காத ஒரு மலைச்சரிவின் மொத்தப் பிடிவாதமும்
அதற்குள் இருக்கிறது.

முதல் வருடம் எனக்குத் தெரியாது.
தேநீர்க் கடையின் வெள்ளை நுரைக் கோப்பையில்
கொஞ்சம் ஊற்றி வைத்துவிட்டு
கதவைச் சாத்தப் போனேன்.
திரும்பினால் கோப்பைக்கு அடியில்லை.
மேசைமேல் எண்ணெய் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.
அன்றிலிருந்து பழுப்புக் கண்ணாடிப் புட்டி,
அடுப்புக்கு எட்டாத அறை,
பிள்ளைகளுக்கு எட்டாத அலமாரி.

மார்செய்யிலிருந்து வாசனை வாங்க வந்தவள்
காகிதக் கீற்றை முக்கி, கண்ணை மூடி, முகர்ந்து,
"இப்போதுதான் சட்டையைக் கழற்றிய ஓர் ஆள்" என்றாள்.
லாரி ஓட்டும் பாஸ்ஸுவை
எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம்.
ஆயிரத்தில் ஒரு பங்குதான் கலப்பாளாம்.
கூடினால் பேருந்தில்
பக்கத்து இருக்கை காலியாகிவிடுமாம்.

துடா அதைக் கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.
ஆகஸ்டில் அவள் தம்பிக்குக் கல்யாணம்.
நம் வயலில் விளைந்ததுதானே, நாம் சூப்பில் போடுவதுதானே என்று
கலப்பில்லாத எண்ணெயை
முழங்கை வரை இழுத்துத் தேய்த்து,
வெள்ளி வளையல் இரண்டை மாட்டிக்கொண்டு,
உச்சிப் பொழுதில், வெட்டவெளியில்,
பெண்கள் வரிசையில் நின்று கை தட்டி ஆடினாள்.
இரவு எரிந்தது. மறுநாள் கொப்புளம்.
கொப்புளம் அடங்கிய இடமெல்லாம் தேயிலைக் கறை.
வளையல் மூடியிருந்த தோல் மட்டும் பழைய நிறம்.
கண் பட்டது என்றாள் மாமியார்.
பட்டது வெயில்.

அகத்தைச் சீராக்கும் என்று ஊரே சொல்லும்.
வயிறு உப்பினால் விதையை வறு,
வெந்நீரில் போடு, குடி.
புறத்தைப் பற்றி ஒருவரும் சொல்லி வைக்கவில்லை.
விதை ஒரு கைப்பிடி.
எண்ணெய் அப்படியல்ல:
ஒரு துளிக்குப் பத்து மில்லி ஆர்கன் எண்ணெய் வேண்டும்
அதன் வாயை அடக்க.
அப்படிப் பூசினாலும் அந்தப் பகலை நிழலில் கழி.
கர்ப்பிணி என்றால் புட்டியைத் திறக்காதே.
கண்ணில் தெறித்தால் தண்ணீர், தண்ணீர்,
அப்புறம் மருத்துவர்.
குடிக்காதே
என்று எழுதும்போது
எவர் குடிப்பார் என்று தோன்றுகிறது;
துடாவையும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

தலைவி ஃபத்மாவுக்கு "இயற்கையானது" என்ற சொல் வேண்டும்,
பெரிய எழுத்தில், பச்சை நிறத்தில்.
தேளும் இயற்கையானதுதான் என்றேன்.
இரண்டு நாள் பேச்சில்லை.
மூன்றாம் நாள், சீரகப்பூ வரைந்திருந்த மூலையை
அவளே கத்தரிக்கோலால் வெட்டி என்னிடம் நீட்டினாள்:
"இந்தா, இடம்."

அந்த நகமளவு இடத்தில் என்ன சொல்ல?
துடா வந்தாள்.
மேசைமேல் கையை வைத்தாள், உள்ளங்கை மேலாக.
"இதை வரை."

வரைந்தேன். ஒரு கை, இரண்டு வளையல், மேலே சூரியன்,
சூரியன்மேல் ஒரு கோடு.
அச்சாகி வந்தது, அழகாகத்தான் இருந்தது.

போன வாரம் எர்ஃபூது கடைக்காரர் தொலைபேசியில்:
நாற்பது புட்டி விற்றதாம்.
வாங்குகிறவர்கள் எல்லோரும்
வளையல் எங்கே என்று கேட்கிறார்களாம்.

துடா சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினாள்.
பிறகு சன்னலோரம் நகர்ந்தபோது,
பழக்கம்தான்,
சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.